பத்தடி உயரத்தில் ஒரு வளையம்

அன்றைக்கு எங்கள் பக்கம் பத்துப் பேர். ஆட்டக்காரர்கள் எட்டு, அதில் ஒருவன் என் தம்பி. அவர்களுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்த மாஸ்டர். அப்புறம் நான். எதிர்ப்பக்கம் மெட்ராஸ் கல்லூரி ஒன்றின் டீம், பன்னிரண்டு பேர், அத்தனை பேருக்கும் ஒரே நிறத்தில் பனியன். நடுவர்கள் இருவர். மேஜையில் ஸ்கோர் எழுத ஒருவர், கடிகாரம் பார்க்க ஒருவர். பந்தயம் நடத்திய கிளப்பின் செயலாளர், அவர் சொன்னதைச் செய்ய ஒரு வாட்ச்மேன். மதில்மேல் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்கள் மூன்று பேர். சவுக்கு நிழலில் இரண்டு மடக்கு நாற்காலிகள் போட்டு இரண்டு பேர்.

அந்த இரண்டு பேருக்காகத்தான் நான் கடையை மூடிவிட்டு செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வந்திருந்தேன்.

மெட்ராஸில் பெரிய கம்பெனி ஒன்றுக்குச் சொந்தமாகக் கூடைப்பந்து டீம் இருந்தது. அதில் ஆடுகிறவர்களுக்குக் கம்பெனியிலேயே உத்தியோகம் உண்டு. பகலில் நாற்காலி, சாயங்காலம் பந்து. அந்த டீமின் உயரமான ஆளுக்கு முழங்கால் போய்விட்டதாம். அவர் இடத்துக்கு ஒரு பையன் வேண்டும் என்று அந்த இரண்டு பேரும் பந்தயம் பந்தயமாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். இதை மாஸ்டர் என் காதில் போட்ட நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தம்பிக்குக் கல்லூரியில் அது கடைசி வருஷம். படிப்பில் அவன் சுமார்தான். கிடைத்தால் அந்த உத்தியோகம், கிடைக்காவிட்டால் என்னோடு முட்டைக் கடை. கடை நிலைவாசல் அவன் நெற்றிக்கு நேராக இருந்தது. லீவு நாளில் கடைக்கு வந்தால் மூன்று தடவையாவது இடித்துக்கொள்வான்.

எங்கள் அத்தா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், காலமானபோது நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கடையில் அப்போதே உட்கார்ந்தவன், பிறகு பள்ளிக்கூடத்துப் பக்கம் போகவில்லை. முட்டை வியாபாரம் பயந்த சுபாவக்காரனை இன்னும் பயந்தவனாக்கும். கூடை இறங்குகிற சத்தத்தில் பயம், வெயிலில் பயம், பஸ் டிரைவர் பிரேக் போடுகிற விதத்தில் பயம். நான் குட்டை. தம்பியோ பதினைந்து வயதில் ஆரம்பித்து நிறுத்தாமல் வளர்ந்தான். ஆறடி நான்கு அங்குலத்தில்தான் நின்றான். மார்க்கெட்டில் எங்களைச் சேர்த்துப் பார்த்தால் விட மாட்டார்கள்.

"இன்னா பாய், ஒரே வூட்ல ஒண்ணு கோழி, ஒண்ணு ஒட்டகம்?"

அம்மாவுக்கு இந்தப் பேச்சு பிடிக்காது. கண் பட்டுவிடும் என்று வெள்ளிக்கிழமை தோறும் ஓதி ஊதுவாள். எனக்கோ வேறு கவலை. இவ்வளவு உயரமானவனுக்கு எந்த ஊரில் என்ன வேலை கொடுப்பார்கள்?

மாஸ்டர் ஒருநாள் கடைக்கே வந்தார். கல்லூரியில் விளையாட்டுக்குப் பொறுப்பானவர், மதுராந்தகம் பக்கத்து விவசாயக் குடும்பம். தலைமுடி ஒட்ட வெட்டியிருப்பார். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். முட்டை வாங்க வந்திருக்கிறார் என்று நினைத்து டஜன் எண்ணத் தொடங்கிவிட்டேன்.

"முட்டை வோணாம் பாய். ஒன் தம்பி வோணும்."

"இன்னா சார் செஞ்சுட்டான்?"

"ஒண்ணும் செய்யல. அதான் பேஜாரே. இவ்ளோ ஒசரத்த வச்சுகினு கடைசி பெஞ்சுல மடங்கி ஒக்காந்துகினு கீறான். எங்கிட்ட குடு. ரெண்டு வருசத்துல மன்ஷனாக்கி வுடறேன்."

முதல் ஒரு மாதம் அவர் தம்பியின் கையில் பந்தையே கொடுக்கவில்லை. கயிறு தாண்ட வைத்தார். உயரமானவனுக்கு மூளையிலிருந்து காலுக்குச் சேதி போய்ச் சேர நேரமாகும், கயிறுதான் அதைச் சுருக்கும் என்பார். பிறகு பந்து வந்தது. கூடவே ஒரு சவுக்குக் குச்சியும் வந்தது. பந்து தாடைக்குக் கீழே இறங்கினால் முழங்கையில் குச்சி தட்டும்.

"கீழ எறக்காதடா! எறக்குனா அது குட்டைப் பசங்க ஊரு. புடுங்கிகினு பூடுவானுங்க. மேல இருக்கறவரிக்கும் அது ஒன் சொத்து."

வளையத்துக்கு அடியில் நிற்க வைத்து, வலக்கையால் பலகையில் அடித்துப் போடு, விழுகிற பந்தைத் தரையில் படுமுன் பிடி, இடக்கையால் போடு, பிடி, மறுபடி வலக்கை என்று தோள் கழன்று விழும்வரை செய்ய வைப்பார். முதுகை வளையத்துக்குக் காட்டி நின்று திரும்புவதை வேறு மாதிரி சொல்லிக்கொடுத்தார். ஒரு காலைப் புதைத்து வை, மற்ற கால் கதவு மாதிரி திறக்கட்டும் என்பார். தம்பி வீட்டிலும் அதைப் பழகுவான். அடுப்படியில் அவன் கதவு மாதிரி திறந்ததில் ஒருநாள் அம்மாவின் குழம்புச் சட்டி போயிற்று.

சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு நான் கல்லூரி மைதானத்துக்குப் போய் நிற்பேன். ரயில்வேயிடம் வாங்கிய பழைய தண்டவாளத் துண்டுகள்தான் அங்கே கம்பம். அதில் பலகையும் வளையமும் பற்றவைத்திருந்தது. தரை செம்மண். மழை முடிந்ததும் வருஷா வருஷம் வண்டியில் கிராவல் கொண்டுவந்து கொட்டி, தண்ணீர் தெளித்து, சாணி மெழுகி, உருளை இழுப்பார்கள். சிமெண்ட் தரை போலவே பந்து எழும்பும். எனக்கு ஆட்டம் அவ்வளவாகப் புரியாது. அவன் குதித்து இறங்கும்போது முழங்கால் மடங்குகிறதா, கணுக்கால் பிரள்கிறதா என்று காலையே பார்த்துக்கொண்டிருப்பேன். ராத்திரி விளக்கெண்ணெய் தேய்த்து விடுவேன். "வுடு அண்ணே, கூசுது" என்று காலை இழுத்துக்கொள்வான்.

இரண்டாம் வருஷம் அவன் டங்க் போட ஆரம்பித்தான். ஓடிவந்து எகிறி, பந்தை வளையத்துக்கு மேலிருந்து உள்ளே திணிக்கிற வித்தை. ஹாஸ்டல் மாணவர்கள் டம்ளரோடு வந்து வேடிக்கை பார்ப்பார்கள். மாஸ்டர் மீசையைத் தடவிக்கொள்வார். இந்த ஜில்லாவில் எவன் இதைப் போடுகிறான், சொல்லுங்கள் பார்ப்போம் என்று ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் அவனுக்குக் கற்றுக்கொடுத்த மற்றதெல்லாம் மெல்லப் பின்னால் போயிற்று. பந்து அவனிடம் வந்தால் மேலே எகிறு, திணி. டீமின் கேப்டன் தூரத்திலிருந்து குறி பார்த்துப் போடுவதில் கெட்டிக்காரன், கண்ணைக் கட்டிக்கொண்டும் போடுவான். ஒரு குட்டைப் பையன் பந்தைத் தட்டிக்கொண்டு போவதில் சூரன், வாயிலும் சூரன். இந்த மூன்று பேரையும் வைத்து, சொந்த மைதானத்தில் இரண்டு வருஷம் தோற்கவே இல்லை; வெளியூர் போய் ஆட அதுவரை வாய்ப்பு வரவில்லை.

மாமல்லபுரப் பந்தயத்துக்குத் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் போனோம். என் மடியில் அவித்த முட்டைக் கூடை. பனியனுக்குள் தைத்த பையில் முட்டைப் பணம். அச்சரப்பாக்கத்துக் கோழிப்பண்ணைக்காரருக்கு மறுநாள் கொடுக்க வேண்டியது. வீட்டில் வைத்தால் திருட்டுப் போகும், கடையில் வைத்தால் தீப்பிடிக்கும் என்று எனக்குத் தோன்றும், அதனால் உடம்போடு வைத்திருப்பேன். வழியெல்லாம் வேறு பயம். முட்டை தின்று தம்பிக்கு வயிறு கனத்துவிட்டால்? தின்னாமல் மயக்கம் வந்துவிட்டால்? கடைசியில் ஒன்று மட்டும் கொடுத்தேன். அவன் இரண்டாவதுக்குக் கை நீட்டியபோது கூடையை மூடிவிட்டேன்.

மைதானம் கடலுக்குப் பக்கத்தில், சவுக்குத் தோப்பை ஒட்டி இருந்தது. புதுச் சிமெண்ட் தரை, புதுப் பலகை, வெள்ளை வலை. தோப்புக்கு அந்தப்புறம் சிற்பக் கூடத்தில் உளிச் சத்தம் விடாமல் கேட்டது. ஆட்டத்துக்கு முன்னால் கைப்பழக்கத்துக்காக இரண்டு டீமும் பந்து போட்டுப் பார்த்தார்கள். தம்பி ஓடி வந்தான். நாற்காலிக்காரர்கள் இருவரும் அவனைத்தான் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. எகிறினான். பந்து வளையத்தின் முன்விளிம்பில் 'ணங்' என்று மோதி, அவன் தலையைத் தாண்டி நடுக்கோடு வரைக்கும் பறந்து போயிற்று.

மெட்ராஸ்காரன் ஒருவன் பந்தை எடுத்துக் கொடுத்தபடி கேட்டான்: "இன்னா மச்சான், ஏணி ஏதாச்சும் எட்த்தாறவா?"

தம்பி சிரித்தான். நான் நாற்காலிகளைத் திரும்பிப் பார்த்தேன்.

ஆட்டம் தொடங்கியது. முதல் பாதியைப் பற்றி எழுத எனக்கு இன்றைக்கும் கை வரவில்லை. அவன் எகிறிய நான்கு டங்க்கும் விளிம்பில் அடித்து வெளியே. எதிராளி தவறு செய்ததற்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ, யாரும் தடுக்காமல் நின்று நிதானமாகப் போடலாம், அதுவும் வளையத்துக்கு முன்னாலேயே விழுந்தது. அவன் மட்டுமில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு போடுகிற கேப்டனுக்கும் முன்விளிம்புதான். குட்டைப் பையனுக்கும் அதேதான். எட்டுப் பேரும் ஒரே மாதிரி குறைவாகப் போட்டார்கள். பாதி முடிந்து விசில் ஊதும்போது பதினேழு பாயிண்ட் பின்னால் இருந்தோம். நாற்காலிக்காரர்களில் கண்ணாடி போட்டவர் மற்றவர் காதில் ஏதோ சொன்னார். மற்றவர் தலையசைத்தார்.

இடைவேளையில் கேப்டன் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"மாஸ்டர், ரிங்கு ஒசரம் ஜாஸ்தி. சத்தியமா சொல்றேன்."

"ஆடத் தெர்யாதவன் அப்டித்தான்டா சொல்லுவான்."

"இவன நிக்க வச்சுப் பாருங்க மாஸ்டர்!"

மாஸ்டர் தம்பியை வளையத்துக்கு அடியில் நிறுத்திக் கையைத் தூக்கச் சொன்னார். செங்கல்பட்டில் அவன் நின்ற நிலையிலேயே வலையின் நுனியைப் பிடிப்பான். பிடித்து ஆட்டுவது அவன் பழக்கம். இங்கே கைக்கும் வலைக்கும் நடுவில் காற்று இருந்தது. குதிகாலை எம்பியும் நுனிவிரல்தான் பட்டது. எதிர்ப்பக்க வளையத்திலும் அப்படியே.

மாஸ்டரின் முகம் மாறியது. "அரை அடி ஜாஸ்தி கீது. அரை அடி! ரெண்டு வருசமா இவன் கைதான் எனக்கு ஸ்கேலு. இவன் கை பொய் சொல்லாது."

அந்தக் காலத்தில் பந்தயத்தில் புகார் கொடுக்க ஒரு முறை இருந்தது. கேப்டன் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஐம்பது ரூபாய் கட்ட வேண்டும். புகார் சரியென்றால் பணம் திரும்ப வரும், ஆட்டத்தையும் முதலிலிருந்து ஆடலாம். தப்பென்றால் பணம் கிளப்புக்கு. மாஸ்டர் சட்டைப் பையைத் துழாவினார். எல்லோருக்கும் திரும்பிப் போக பஸ் சார்ஜ் மட்டும் இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"பாய், இன்னா வச்சுகினு கீற?"

அது என் பணமில்லை. ஆனாலும் என் கை அதற்குள் பனியனுக்குள் போய்விட்டது. நான் நினைத்தது ஒன்றுதான். ஆட்டத்தை முதலிலிருந்து ஆடினால், அந்த நாற்காலிகளில் இருப்பவர்கள் பார்த்ததெல்லாம் இல்லாமல் போகும். பத்து ரூபாய்த் தாள்கள் ஐந்தை எண்ணி அவர் கையில் வைத்தேன். "காலேஜ் கேம்ஸ் ஃபண்டுல இருந்து நாளிக்கே வாங்கித் தறேன்" என்றார்.

செயலாளர் நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு வாட்ச்மேனை அனுப்பினார். வாட்ச்மேன் தையல்கடையிலிருந்து துணி டேப் ஒன்று கொண்டுவந்தார். அது ஐந்தடி. மேஜைமேல் நாற்காலி போட்டு, அதன்மேல் அவரே ஏறி, பாதியில் பென்சிலால் கோடு போட்டு இரண்டு தடவை அளந்தார்கள். பத்தடி.

"டெய்லர் டேப்பு இழுபடும் சார், ஒத்துக்க முடியாது" என்றான் எங்கள் குட்டைப் பையன்.

"ஒங்க ஊர்ல பேண்ட்டு ஒசரமா தச்சுருவானுங்களா?" என்று மெட்ராஸ் பக்கமிருந்து குரல் வந்தது.

மாஸ்டர் இரும்பு டேப்தான் வேண்டும் என்று நின்றார். வாட்ச்மேன் சிற்பக் கூடத்துக்குப் போனார். போனவர் வரவில்லை. நிழல் நீண்டது. அஸர் நேரம் எப்போதோ ஆகியிருந்தது, நான் தொழப் போகாமல் நாற்காலிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கொஞ்சம் கழித்து மறுபடி பார்த்தார். எழுந்து சோம்பல் முறித்து உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததில்தான் எனக்கு மூச்சு வந்தது. புகாரை வாபஸ் வாங்கிவிடலாம் என்று மாஸ்டரிடம் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சொல்லி, புகார் சரியாக இருந்துவிட்டால்?

இரும்பு டேப் வந்தது, அதைக் கையை விட்டுக் கொடுக்காத ஒரு சிற்பியோடு. அவரே ஏறினார். கல்லுக்கு அளவு பார்க்கிறவர், ஒரு கண்ணை மூடிக்கொண்டு படித்தார்.

"பத்தடி. ஒரு நூல் கூடுதலும் இல்ல, கொறைவும் இல்ல."

மற்ற வளையமும் பத்தடி. செயலாளர் ஐந்து தாள்களையும் மடித்து ரசீது புத்தகத்துக்குள் வைத்தார். எங்கள் குட்டைப் பையன், வழக்கமில்லாத சன்னக் குரலில் சொன்னான்:

"மாஸ்டர்... நம்ப கிரவுண்டுலதான் வருசா வருசம் மண்ணு கொட்டிகினே கீறோமே."

கம்பம் தண்டவாளம், அசையாது. வளையம் பற்றவைத்தது, அசையாது. தரைதான் வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டிருந்தது. கம்பம் நட்ட நாளுக்குப் பிறகு யாரும் அளக்கவில்லை. அளக்க என்ன இருக்கிறது, கம்பம் எங்கே போய்விடும்?

மாஸ்டர் விசிலை வாயில் வைத்துக் கடித்தார். பிறகு தம்பியின் தோளைப் பிடித்துக் குனிய வைத்தார்.

"டங்க்க மறந்துடு. இன்னிலேர்ந்து நீ டங்க் போடற ஆளு இல்ல. மொத மாசம் இன்னா சொல்லிக் குடுத்தேன்? கால பொதைச்சு வை, கதவத் தொற. போர்டுல கட்டம் போட்ருக்கு பாரு, அதும் மேல் கோட்டுல அடி. ஃப்ரீ த்ரோவா? நல்லா மடங்கி எழுந்து போடு, பந்து கால்லேர்ந்து வரட்டும். புரியுதா?"

"புரியுது மாஸ்டர்."

இரண்டாம் பாதி தொடங்கியது. தம்பி முதுகைக் காட்டி நின்றான், பந்து வந்தது, தலைக்கு மேலேயே வைத்துக்கொண்டு திரும்பினான், பலகையில் அடித்தான். உள்ளே. அடுத்ததும் உள்ளே. எனக்குக் கண் நிறைந்து திரும்பி நாற்காலிகளைப் பார்த்தால், ஒன்று மடக்கிக் கிடந்தது. மற்றதை வாட்ச்மேன் மடக்கிக்கொண்டிருந்தார். இருவரும் தோப்பு ஓரம் நின்ற காரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

நான் ஓடினேன். மணலில் செருப்பு கழன்றதை விட்டுவிட்டு ஓடினேன். கையில் முட்டைக் கூடை இருந்தது எனக்கு நினைவில்லை.

"சார்! சார்! கொஞ்சம் நில்லுங்க சார். அந்த ஒசரமான பையன், என் தம்பி சார். இப்ப போட்றான் சார், வந்து பாருங்க."

கண்ணாடிக்காரர் பதறாமல் நின்றார். "பாத்தோம்பா. நல்ல ஒசரம். ஆனா பந்து உள்ள போவலையே."

"அது அவன் தப்பில்ல சார். எங்க ஊர்ல தரை ஒசந்து போச்சு சார்."

"இன்னாது?"

"தரை சார். வருசா வருசம் மண்ணு கொட்டி தரை ஒசந்து போச்சு. அதனால ரிங்கு கீழ வந்துருச்சு. அவன் கீழ கீற ரிங்குல பழகுனவன், அதான் இங்க..."

சொல்லச் சொல்ல எனக்கே அது பைத்தியக்காரன் பேச்சாகக் கேட்டது. மற்றவர் வாயைப் பொத்திச் சிரித்தார். "தரை ஒசந்துச்சாம் சார்!" கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. இருட்டுமுன் மெட்ராஸ் போய்ச் சேர வேண்டும், இங்கே ஏற்கெனவே ரொம்ப நேரமாகிவிட்டது என்றார். கதவு சாத்தினார்கள். பின்னால் மைதானத்தில் எங்கள் பையன்கள் 'ஓ'வென்று கத்துகிற சத்தம் கேட்டது. தம்பிதான் போட்டிருந்தான். கார் அந்தச் சத்தத்துக்குள்ளேயே கிளம்பிப் போயிற்று.

நான் திரும்பி வந்தபோது வித்தியாசம் ஐந்தாகக் குறைந்திருந்தது. அவன் அன்றைக்கு ஆடிய மாதிரி அதற்கு முன்னும் ஆடியதில்லை, பின்னும் நான் பார்க்கவில்லை. வெள்ளைக்காரர்கள் கடலையை விட்டுவிட்டு எழுந்து நின்று கைதட்டினார்கள். மூன்று பாயிண்டில் தோற்றோம். விசில் ஊதியதும் அவன் முதலில் திரும்பிப் பார்த்தது சவுக்கு நிழலை. பிறகு என்னைப் பார்த்தான். நான் கூடையைப் பார்த்தேன்.

பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டியது. அப்புறம் குட்டைப் பையன் ஆரம்பித்தான்.

"மச்சான், ஒலகத்துல கீற டீமெல்லாம் நம்ப கிரவுண்டுக்கு வரச் சொல்லுவோம். ஒருத்தன் ஜெயிக்க மாட்டான்."

"இன்னும் ரெண்டு வருசம் மண்ணு கொட்டுனா நான்கூட டங்க் போடுவேன்டா" என்றான் கேப்டன்.

பஸ்ஸே சிரித்தது. தம்பியும் சிரித்தான். மாஸ்டர் ஜன்னலோரம் வெளியே பார்த்தபடி வந்தார். நான் மீதி முட்டைகளை எல்லோருக்கும் கொடுத்தேன். தம்பிக்கு இரண்டு.

மறுநாள் மாஸ்டர் கடப்பாரையோடு மைதானத்துக்குப் போனாராம். கம்பத்தின் அடியில் தோண்டியதில், கம்பம் நட்டபோது பூசிய கறுப்பு வெள்ளைப் பட்டையில் ஒரு பட்டை முழுசாக மண்ணுக்குள் இருந்திருக்கிறது. அந்த வாரமே தம்பியைக் கூட்டிக்கொண்டு சொந்தச் செலவில் மெட்ராஸ் போனார். கம்பெனி மைதானத்தில் அவனை ஒருமுறை போடவிட்டுப் பாருங்கள் என்று கேட்டார். அதற்குள் ஆள் எடுத்தாகிவிட்டது. அன்றைக்கு ஏணி கொண்டுவரவா என்று கேட்டானே, மெட்ராஸ் டீமின் உயரமான பையன், அவனைத்தான்.

மாஸ்டரின் ஆத்திரம் தரைமேல் திரும்பியது. வளையத்தை ஏற்ற வேண்டுமென்றால் வெல்டிங் ஆள், காசு, பிரின்சிபால் கையெழுத்து. தரையை இறக்க மண்வெட்டி போதும். எட்டுப் பேரும் அவருமாக மைதானம் முழுக்க அரை அடி வெட்டி எடுத்தார்கள். எனக்குப் பார்க்கும்போதே பகீரென்றது. மழைக்காலம் நெருங்குகிறது, பள்ளமாக்குகிறார்களே, தண்ணீர் எங்கே போகும்? தயங்கித் தயங்கி அதை அவரிடம் சொன்னேன்.

"நீ சும்மா இரு பாய், எதுக்கெடுத்தாலும் பயம்" என்றார்.

ஐப்பசியில் மைதானம் குளமாயிற்று. தண்ணீரில் பலகையின் நிழல் தெரியும், சுற்றித் தவளைச் சத்தம். அந்த வருஷம் கூடைப்பந்து அதோடு முடிந்தது. தம்பியின் கடைசி வருஷமும் முடிந்தது. வேறு யாரும் அவனை வந்து பார்க்கவில்லை. அவன் கடைக்கு வந்தான். நிலைவாசலை ஆசாரியை வைத்து உயர்த்தினேன். முட்டையை அவன் தலைக்கு மேலே தூக்கித்தான் எண்ணுவான், கீழே இறக்க மாட்டான். அப்படி எண்ணாதே, விழுந்துவிடும் என்று நான் தினமும் கத்துவேன். ஒன்றுகூட விழவில்லை. இரண்டு வருஷம் கழித்துப் போலீஸில் எடுத்தார்கள், உயரத்துக்காக. அது அம்மாவுக்கும் எனக்கும் புதுக் கவலை.

ஐம்பது ரூபாயை மாஸ்டர் கேம்ஸ் ஃபண்டில் கேட்டிருக்கிறார். ஆபீஸில், தோற்ற புகாருக்குக் கல்லூரி பணம் தராது, அப்படி ஒரு கணக்கே கிடையாது என்றுவிட்டார்கள். அச்சரப்பாக்கத்துக்காரருக்கு நான் கல்லாவிலிருந்து போட்டு நேர் செய்துவிட்டேன். மாஸ்டர் சம்பளம் வாங்கிய மறுநாள் கடைக்கு வருவார், பத்து ரூபாய் தருவார். வோணாம் சார் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வேன். "அது ஒன் தம்பி நாற்காலிக்குக் கட்டுன பணம் பாய், நான் வச்சுக்க முடியாது" என்று மேஜைமேல் வைத்துவிட்டு, முட்டைகூட வாங்காமல் போய்விடுவார். மூன்று மாதம் அப்படி வந்தார். நான்காம் மாதம் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. போகிற அவசரத்தில் கடைக்கு வர நேரம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. எந்த ஊர் என்று விசாரித்து வைத்திருந்தேன். போய்ப் பார்க்கலாம் என்று இரண்டு தடவை கிளம்பியும் போகவில்லை. பணம் கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிடுவாரோ என்று பயம். இருபது ரூபாய் இன்னும் பாக்கி.